நாலு நாள் லீவுக்கு ஒரு சாவு

கனகலட்சுமிக்கு நாலு நாள் லீவு மிச்சம் இருந்தது. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் எடுக்காவிட்டால் அதுவும் போய்விடும். ஒரகடத்துத் தொழிற்சாலையில் சேர்ந்து இரண்டு வருஷம். ஒருநாள்கூட அவள் சும்மா இருந்ததில்லை. மகாபலிபுரம் போய்க் கடலைப் பார்க்க வேண்டும், மிச்ச மூன்று நாளும் அறையில் தூங்க வேண்டும். லீவு லெட்டரில் இதையேதான் காரணமாக எழுதினாள். பி.எஸ்சி. படித்தவள், கண்டதைக் கண்டபடி எழுதியே பழக்கம்.

பர்சனல் ஆபீசர் பாண்டுரங்கன் எந்த லெட்டரையும் படிப்பதில்லை. 'காலமானார்' எங்கே இருக்கிறது என்று பேனா முனையால் தேடுவார். அகப்பட்டதும் கையெழுத்துப் போடுவார். கனகலட்சுமியின் லெட்டரில் பேனா கடைசிவரை போய்த் திரும்பி வந்தது.

"யாரும்மா போயிட்டாங்க?"

"யாரும் சாகல சார்."

"அப்புறம் இன்னாத்துக்கு லீவு?"

"ஓய்வுக்கு."

"யாக்கோபு, இங்க வா. இந்தம்மாவுக்கு ஓய்வு வேணுமாம்."

குமாஸ்தா யாக்கோபு எழுந்து வந்து நின்றான். சிரிக்கவில்லை.

"வெள்ளக்காரன் காலத்துல வெயில் வந்தா கவர்மென்டே மூட்ட கட்டிக்கினு ஊட்டிக்கு ஏறிடும். லீவுன்றது அங்கேர்ந்து வந்ததும்மா. மூளைய வெச்சு வேல செய்றவனுக்கு அது. லைன்ல ஸ்க்ரூ முடுக்கறதுக்கு இன்னா களைப்பு?"

மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு படம். குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு பாண்டுரங்கன் ஊட்டியில் படகில் உட்கார்ந்திருந்தார். போன மே மாதம். அந்த மூளை மற்ற பதினோரு மாதமும் என்ன செய்கிறது என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது. அந்த வெள்ளைக்காரனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மலையேறிய கூலிக்காரனுக்கு யார் லீவு கொடுத்தது என்று கேட்க நினைத்தாள். கேட்காமல் லெட்டரை எடுத்துக்கொண்டாள்.

அறைக்கு வந்து சொன்னதும் கூடத் தங்கியிருந்த சுகப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் ஊர் சங்கரன்கோவில் பக்கம்.

"ஏட்டி கோட்டிக்காரி, நெசத்தயா எழுதுன? நான் எங்க மாமாவ மூணு தடவ கொன்னுட்டேன். மனுசன் குத்துக்கல்லு மாதிரி இருக்காரு."

"எனக்கு மனசு வரமாட்டேங்குதுட்டி. எங்க வீட்டுல எல்லாரும் நல்லவங்க."

"அப்ப நல்லவங்கள விட்டுரு."

மறுநாள் காலையில் கனகலட்சுமி புது லெட்டரை நீட்டினாள். 'என் பெரியப்பா திரு. பாண்டுரங்கன் அவர்கள் நேற்று காலமானார்.'

பேனா ஊர்ந்தது, கடைசிச் சொல்லில் நின்றது, கையெழுத்துப் போட்டது.

"பாத்தியா? மொறையா எழுதுனா நான் மாட்டேன்னா சொல்றேன்?" பேனாவை மூடினார். சாவு என்றால் இரண்டு வார்த்தை ஆறுதலாகக் கேட்பது அவர் வழக்கம். "பெரியப்பா நல்ல மனுசனாம்மா?"

"இல்ல சார்."

அவர் அடுத்த லெட்டருக்குப் போய்விட்டார்.

யாக்கோபு கனகலட்சுமியின் லெட்டரை முழுக்கப் படித்தான். ஆபீசரை ஒருமுறை பார்த்தான். பிறகு பெயருக்குப் பக்கத்தில், பெயர் மறையாதபடி, சீல் குத்தினான்.