பதினொரு சோற்றுப் பார்சல்

பதினோராவது சோற்றுப் பார்சலைக் கட்டி முடித்தபோதுதான் ஷிஃபானாவுக்குக் கோபம் வந்தது. அதுவரை கை தன்பாட்டில் வாழையிலையை மடித்துக்கொண்டிருந்தது.

பார்சல்கள் ஆண்களுக்கு. வாப்பா ஸெய்னுதீன், சாச்சாமார், மீசை முளைக்காத தம்பிமார் வரை. போன கிழமை அவளுடைய கூடப்பிறந்த நானா ஹஸ்மி கிண்ணியாத் துறையில் மீன்பெட்டி இறக்கும்போது மயங்கி விழுந்தான். அந்த நிமிடமே ஓட்டோ பிடித்து, பாலம் கடந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அவன் இதயம் ஆறித் தயாராவதற்கு அதிக நேரம் எடுக்கிறதாம். தாளம் தப்பினால் உயிர் போகுமாம். பரம்பரையாக, பிறவியிலேயே வருவது, குடும்பத்தில் எல்லாருக்கும் ஈசிஜி எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். குடும்பம் என்றதும் வாப்பா வேன் பிடித்து ஆண்களை எண்ணினார்.

ஷிஃபானா மூன்று தரம் விழுந்திருக்கிறாள். மூன்றும் பிள்ளை பிறந்த இந்த இரண்டு மாதத்துக்குள். குசினித் தட்டில் இருக்கும் போன் திடீரென்று அலறும், நெஞ்சுக்குள் ஒரு மீன் துள்ளும், பிறகு தரை. முதல் தரம் பிள்ளைப்பேற்றுப் பலவீனம் என்றார்கள். இரண்டாம் தரம் ஓதிய தண்ணீர் தந்தார்கள். மூன்றாம் தரம் உம்மா உடைந்த சட்டியைத்தான் முதலில் பொறுக்கினார்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வேனின் கதவைத் திறந்தாள்.

"எங்க புள்ள போறாய்?" என்றார் வாப்பா.

"ஈசிஜி எடுக்க."

உள்ளே இருந்து றம்ஸான் சாச்சா சிரித்தார். "இதென்ன கலியாணப் பயணமா, பொம்புளயளும் ஏற? நெஞ்சுக் கோளாறு ஆம்புளயளுக்கு வாறதுடி."

"சாச்சா, நீங்க எத்தின தரம் மயங்கி விழுந்தீங்க?"

"ஒருக்காவும் இல்ல, அல்ஹம்துலில்லாஹ்."

"அப்ப இறங்கி எனக்கு இடம் தாங்க."

தம்பிமார் கொல்லென்று சிரித்தார்கள். சாச்சா இறங்கவில்லை, ஒதுங்கினார்.

பாலத்தில் வேன் ஏறியபோது குடா முழுவதும் வெள்ளியாக விரிந்து கிடந்தது. அது அவ்வளவு அழகாக இருப்பதுகூட அன்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

டொக்டர் பிரசாந்தினி பதினொரு ஈசிஜித் தாள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கி வைத்தார். பன்னிரண்டாவதை ஹஸ்மியின் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, அடிமட்டத்தால் இரண்டு தரம் அளந்தார்.

"இவ மயங்கி விழுந்தவவா?"

ஷிஃபானா மூன்று விரலைக் காட்டினாள்.

"அண்ணனை விட இவவுக்குத்தான் ஆபத்துக் கூட. இந்த வகையில வளர்ந்த பொம்பிளையள்தான் கூடக் கவனமா இருக்க வேணும். பிள்ளை பெத்த முதல் மாதங்கள் இன்னும் மோசம். ஒரு திடீர்ச் சத்தமே காணும், ஆளை விழுத்த. இண்டைக்கு வீட்ட விட ஏலாது. ஏன் முதல்லயே கூட்டிக்கொண்டு வரேல்லை?"

வாப்பா மகளைப் பார்த்தார். "நீ ஒண்டும் சொல்லல்லயே, மகள்."

ஷிஃபானாவிடம் இப்போது கோபம் மட்டுமே இருந்தது. பயம் பிறகு வரும். அதற்கு இரவு முழுவதும் இருக்கிறது.

"சொன்னனான் வாப்பா. மூண்டு தரம் விழுந்து சொன்னனான்."

வாசலடியில் சாச்சாமார் பார்சலைப் பிரித்துவிட்டார்கள் போல. பொரித்த மீன் மணந்தது.

"வேனைத் திருப்பி அனுப்புங்க," என்றாள். "உம்மா, ராத்தாமார், சாச்சாட பொம்புளப் புள்ளயள், எல்லாரும் வரட்டும். சோத்த இவங்க கட்டட்டும்."