ஆங்கிலத்தில் இருந்த அப்பா

திங்கட்கிழமை காலை, முதல் பாடவேளையில், முப்பத்தொன்றாம் எண் பையன் மேசைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினான். இன்றைக்கு இருபத்தேழு. செவ்வாய் இருபத்தெட்டு. புதன் இருபத்தொன்பது. வியாழன் முப்பது. கட்டைவிரலிலிருந்து மறுபடி ஆரம்பித்துப் பார்த்தான். எப்படி எண்ணினாலும் வெள்ளிக்கிழமையில், சுண்டுவிரலில் வந்து நிற்பது அவனேதான்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் வருகிறார்கள் என்று ஆங்கில வாத்தியார் சற்றுமுன்தான் அறிவித்திருந்தார். கடைசி பெஞ்சுகளைக் காலி செய்துவிட்டு, அங்கே அவர்களை உட்காரவைத்துப் பாடம் எப்படி நடக்கிறது என்று காட்டப் போகிறார்களாம். அவர் அதை ஒரு விருந்துக்கு அழைப்பதுபோல் சொன்னார். வகுப்பு அதை ஒரு பிரேதப் பரிசோதனை அறிவிப்பைப்போல் கேட்டுக்கொண்டது.

அந்த வகுப்பில் வருகைப் பதிவேட்டு எண்தான் பேர். பெற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு வைத்த பெயர்கள் எல்லாம் மதிப்பெண் அட்டையோடு சரி. சிலருக்கு எண்ணோடு பட்டப்பெயரும் உண்டு. இருபத்தொன்பதுக்குக் கொட்டாவி, பன்னிரண்டுக்கு நண்டு. வாத்தியாருக்கு ஃபுல்ஸ்டாப். அவர் வாங்கிய பட்டம் அது, சும்மா வரவில்லை.

முதல் பத்து நிமிடத்துக்கு அவர் 'நேற்று' என்று பெயர் வைத்திருந்தார். நேற்று வீட்டில் நடந்ததை ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியமாக எல்லோரும் தினமும் நோட்டில் எழுதி வர வேண்டும். பதிவேட்டு வரிசைப்படி ஒரு நாளைக்கு ஒருவர் எழுந்து, எழுதியதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் அவர் சாக்பீஸால் கரும்பலகையில் டொக் என்று ஒரு புள்ளி வைப்பார். ஐந்தாவது டொக்குக்குப் பிறகு வகுப்பிலிருந்து யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் உட்காரலாம். இதில் ஒரே ஒரு சட்டம்தான். முதல் நாளே சொல்லிவிட்டார். "நடந்ததா நடக்கலியான்னு நான் கேக்கவே மாட்டேன். அதைக் கேக்க போலீஸ் இருக்கு. எனக்கு வேண்டியது அஞ்சு வாக்கியம்."

இப்படி ஒரு சட்டத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் சொல்லலாமா? ஒரே மாதத்தில் முப்பத்தெட்டுப் பேரும் ஆங்கிலத்துக்குக் குடிபோய்விட்டார்கள். அங்கே எல்லோர் வீட்டிலும் தோட்டம் இருந்தது, பாடப்புத்தகத்தில் இருந்ததால். எல்லோரும் மாலையில் பூங்காவுக்குப் போனார்கள். அந்தப் பூங்காவைப் பூட்டுவதே இல்லை. ஒருத்தி வீட்டுக்கு விருந்துக்கு வந்த அத்தை ஏழு மாதமாகத் திரும்பிப் போகவில்லை. கொட்டாவியின் நாய் ஜூன் மாதம் செத்துப்போய், வகுப்பே இரங்கல் தெரிவித்தபின், ஆகஸ்டில் அவனோடு நடைப்பயிற்சிக்குப் போனது. கேட்டதற்கு, "இது வேற நாய், பேர் மட்டும் அதே" என்று ஆங்கிலத்திலேயே சமாளித்தான். ஃபுல்ஸ்டாப் மகிழ்ச்சியாக ஆறாவது புள்ளி வைத்தார்.

பல ஆண்டுகள் கழித்து, ஆங்கிலத்திலேயே சம்பளம் வாங்குகிற ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, நடக்காத முன்னேற்றங்களைப் பற்றி அறிக்கை எழுதும்போதெல்லாம் முப்பத்தொன்றுக்கு அந்த டொக் சத்தம் காதில் கேட்கும். அறிக்கையில் பொய் சொல்வதற்கு இப்போது கூச்சமில்லை. ஆனால் அந்தப் பொய்களில் ஒரு நாய்கூட இல்லையே என்று இருக்கும்.

அவனுடைய ஆங்கிலத்தில் தோட்டமும் இல்லை, நாயும் இல்லை. அப்பா இருந்தார்.

தமிழில் அப்பா இல்லை. மின்கம்பி இழுக்கும் வேலை அவருக்கு. தூரத்தில் ஏதோ பெரிய கட்டடம், ஆறு மாத வேலை என்று பை ஒன்றோடு போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. முதலில் ஞாயிறுதோறும் போன் வந்தது. அப்புறம் மாதம் ஒன்று. அப்புறம் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மிகப் பணிவாகச் சொல்ல ஆரம்பித்தது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் கண்ணாடி வில்லைகளை ஃபிரேமுக்கு ஏற்ப இழைத்துக் கொடுக்கும் வேலை அம்மாவுக்கு. நாள் முழுக்க யார் யார் பார்வையையோ சரிசெய்துவிட்டு, நகக்கண்ணில் கண்ணாடித் தூளோடு வீட்டுக்கு வருவாள். அந்தப் பெண் குரலைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. பேசாமல் இருந்து இருந்து, 'அப்பா' என்ற சொல்லே பெரிய பாத்திரம்போல் பரணுக்குப் போய்விட்டது.

ஆனால் தினம் ஐந்து வாக்கியம் கேட்கிறார்களே. அம்மா வேலைக்குப் போனாள், வந்தாள், தூங்கினாள். மூன்றுதான் ஆகிறது. ஒருநாள் நான்காவதாக, 'என் தந்தை நாற்காலியைப் பழுதுபார்த்தார்' என்று ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. வாத்தியார் சிவப்பு மையில் சரி போட்டார். அடுத்த நாள் தந்தை செய்தித்தாளைப் படித்துச் சிரித்தார். முதலில் அவரும் பாடப்புத்தகத் தந்தைபோல் நல்லவராகத்தான் இருந்தார். நாள் ஆக ஆக ஆள் நிஜமாகிவிட்டார். பாலைத் தீயவிட்டார். வானொலியை அணைக்காமல் தூங்கினார். இவனுக்கு மிதிவண்டியில் திரும்பக் கற்றுக்கொடுக்கிறேன் என்று தானே விழுந்தார்.

காலை மணி அடிப்பதற்கு முன் நோட்டுகள் கைமாறும். எழுதாதவர்கள் இவனுடையதைத்தான் கேட்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை நான்கு வீடுகளில் நான்கு அப்பாக்கள் ஒரே சமயத்தில் குடையைத் தொலைத்துவிட்டு நனைந்து வந்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் இவன் தெருக்காரர்கள், உண்மை தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒருவர் அப்பாவை இன்னொருவர் கேள்வி கேட்பதில்லை. கேட்டாலும், "உன் தந்தை என்ன செய்தார்?" என்று நண்டு கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்பார்கள். நண்டுக்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். யார் எழுந்தாலும் அதையே கேட்பான்.

இப்போது வெள்ளிக்கிழமை அம்மா வந்து பின்னால் உட்காரப்போகிறாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'ஃபாதர்' தெரியும். எந்த விண்ணப்பப் படிவத்திலும் இரண்டாவது வரி அதுதானே. அந்தச் சொல் இவன் வாயிலிருந்து வந்து, அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தால்? அதற்குமேல் அவனால் எண்ண முடியவில்லை.

"இதுக்குப் போய் ஏண்டா சாவுற," என்றான் கொட்டாவி. "புதன்கிழமை நான் லீவு. எனக்குப் பதிலா முப்பது சொல்லிடும். வியாழக்கிழமை உன்னுது முடிஞ்சிரும். வெள்ளிக்கிழமை அனாதையா முப்பத்திரண்டு நிக்கட்டும்."

"நீ வியாழக்கிழமையும் வரக் கூடாது. வந்தா விட்டுப்போனதை அன்னிக்கே சொல்லச் சொல்வாரு."

"ரெண்டு நாள் வயித்துவலி. என்கிட்ட விடு. நடிப்புல நான் யாரு."

புதன்கிழமை கொட்டாவி வரவில்லை. முப்பது எழுந்து, ஐந்து வாக்கியத்தில் பூங்காவுக்குப் போய் வந்தாள். முப்பத்தொன்று அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டான். வியாழக்கிழமை அவன் எழுந்து நிற்கத் தயாராக நோட்டைப் பிரித்தபோது, கொட்டாவி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வகுப்புக்குள் வந்தான்.

"மன்னிச்சுருடா," என்று கிசுகிசுத்தான். "ஒண்ண மறந்துட்டேன். எங்கம்மா நர்ஸு."

"அதனால?"

"ஊசியோட வந்து நின்னாங்க. ஒண்ணு போட்டாச்சு. ரெண்டாவதுக்குள்ள குணமாயிட்டேன்."

அன்று ஒரு பக்கமாகவே நின்றுகொண்டு கொட்டாவி தன் நாயைப் பற்றி ஐந்து வாக்கியம் சொன்னான். வெள்ளிக்கிழமை மறுபடி முப்பத்தொன்றிடமே திரும்பி வந்தது.

அம்மா இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போடும் சட்டையோடேயே வந்திருந்தாள். பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சில் முழங்கால் இடிக்க, கொட்டாவியின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் மருத்துவர் சுவரில் மாட்டும் எழுத்துப் பலகையைப் பார்ப்பதுபோல் கரும்பலகையைக் கூர்ந்து பார்த்தாள். முப்பத்தொன்று இரவெல்லாம் வடிகட்டி, உப்பில்லாப் பத்தியச் சோறுபோல் ஐந்து வாக்கியங்கள் தயாரித்திருந்தான். நேற்று மழை பெய்தது. டொக். பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் சன்னலில் அமர்ந்தது. டொக். நான் என் சட்டையைத் தேய்த்தேன். டொக். பூனை சென்றுவிட்டது. டொக். நான் உறங்கினேன். டொக்.

பூனையின் நிறம் என்ன என்று கேட்பதற்குக் கொட்டாவியை ஏற்பாடு செய்திருந்தான். கொட்டாவி கேட்கத்தான் எழுந்தான். வாயும் திறந்தது. ஆனால் திறந்த வாய் மூடவில்லை, கொட்டாவி வந்துவிட்டது. அந்த இடைவெளியில் நண்டு எழுந்து, கண்ணைக்கூடச் சிமிட்டாமல், வருடம் முழுக்கக் கேட்ட கேள்வியைக் கேட்டான். கேட்டு முடித்தபின்தான் அவனுக்கே உறைத்தது. உட்காரவும் தெரியாமல் நின்றான்.

'ஃபாதர்' என்ற அந்தச் சொல் வகுப்பின் கடைசிவரை போனது. அம்மா நிமிர்ந்தாள்.

"என் தந்தை," என்று ஆரம்பித்தான் முப்பத்தொன்று. "வேலைக்குச் சென்றார்."

"அவ்வளவுதானா?" ஃபுல்ஸ்டாப் ஏமாற்றத்தோடு சாக்பீஸைக் கீழே வைத்தார். விருந்தில் நல்ல பதார்த்தத்தைப் பரிமாற மறந்துவிட்டவர்போல் மேசையிலிருந்து முப்பத்தொன்றின் நோட்டை எடுத்துக்கொண்டு, பெஞ்சுகளுக்கு நடுவே அம்மாவை நோக்கி நடந்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரரை எனக்கு நல்லாத் தெரியும். பார்த்ததில்ல, ஆனா தெரியும். இந்த வகுப்புலயே நல்லா எழுதுறது இவன்தான், எழுத வச்சது அவர்தான். போன மாசம் குடையைத் தொலைச்சுட்டு நனைஞ்சு வந்தாரே. அப்புறம் காய்ச்சல் கீய்ச்சல் வரலியே?"

கொட்டாவியின் அம்மாவும் அதே தெருதான். அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். முப்பத்தொன்று தரையைப் பார்த்தான்.

அம்மா நோட்டைக் கையில் வாங்கினாள். ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொரு பக்கம். எல்லாப் பக்கத்திலும் அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் விரல் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டே போனது.

"வரல சார்," என்றாள். "நல்லாத் தலையைத் துவட்டி விட்டேன்."

"குடை?"

"கிடைக்கல சார். எதை எங்க வச்சோம்னு அவருக்கு எப்பவுமே தெரியாது."

ஃபுல்ஸ்டாப் திருப்தியாகத் தலையாட்டினார். அதே சுறுசுறுப்போடு பக்கத்தில் திரும்பி, "உங்க நாய் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"எந்த..." என்று ஆரம்பித்த நர்ஸ், பக்கத்தில் நோட்டைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். ஒரு மூச்சு விட்டாள். "இருக்கு சார். நல்லா இருக்கு." சொல்லிவிட்டுத் தன் மகனை ஒரு பார்வை பார்த்தாள். ரெண்டாவது ஊசி அந்தப் பார்வையிலேயே இருந்தது.

பள்ளி விட்டபின் இருவரும் பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்கள். அனுமதி நேரம் முடிந்தும் அம்மா கடைக்குத் திரும்பாமல், மாலைவரை பள்ளி வாசலிலேயே இருந்துவிட்டாள். நோட்டையும் திருப்பித் தரவில்லை. முப்பத்தொன்று மனசுக்குள் தமிழில் ஐந்து வாக்கியம் தயாரித்துப் பார்த்தான். எல்லாமே 'அம்மா, அது வந்து' என்றுதான் ஆரம்பித்தன.

"அம்மா, அது வந்து..."

"எங்க தொலைச்சாரு?"

"என்னது?"

"குடைய."

அவன் யோசித்தான். அதை எழுதவில்லை. "பஸ்ல. இறங்கும்போது சீட்டுலயே விட்டுட்டாரு."

"செய்யற ஆள்தான்." நோட்டைப் புரட்டிக்கொண்டே, "வேற?" என்றாள்.

அவன் சொன்னான். நாற்காலி, செய்தித்தாள், வானொலி. இத்தனை மாதத்தையும் ஆங்கிலத்திலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான். தமிழில் சொல்லும்போது அப்பா வேறுமாதிரி இருந்தார். கொஞ்சம் குட்டையாக, கொஞ்சம் சத்தமாக. மிதிவண்டியிலிருந்து விழுந்ததைச் சொன்னபோது அம்மா புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"பால் தீஞ்சப்ப நான் எங்க இருந்தேன்?"

அந்த நோட்டில் அம்மா வேலைக்குப் போனாள், வந்தாள், தூங்கினாள். அப்பா வந்தபின் அந்த மூன்றையும்கூட அவன் எழுதுவதை விட்டிருந்தான். அது நிஜமாகவே நடந்துகொண்டிருந்ததால், எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"நீயும் அங்கதான் இருந்தே."

"என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

பேருந்து வந்து அவர்கள் எதிரிலேயே நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் இருவரையும் பார்த்துக் காத்திருந்தார். அம்மா படியைப் பார்க்கவில்லை. நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் ஒருமுறை ஹாரன் அடித்தார். அவள் திரும்பாமலே, பேருந்து போகலாம் என்று கையை மட்டும் அசைத்தாள். கதவு மூடிக்கொண்டது. நகரும் சன்னல்களில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அவர்கள் இருவரின் பிம்பம் தாவித் தாவிப் போனது.