அழகருக்கு மடித்த பொட்டலம்

என் மச்சான் மாரிசாமியைத் தூக்குமேடைப் பக்கம் தள்ளியவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, கடைசியில் ஏமாந்துபோகக் கூடாது.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்குத் தபால் வேலை. காலையில் துரையின் ஆபீசில் பையை வாங்கிக்கொண்டு பதுளைக்கு நடந்து, தபால் கந்தோரில் ஒப்படைத்து, வந்த கடிதங்களோடு சாயங்காலம் திரும்ப வேண்டும். தோல் பை, பித்தளைப் பூட்டு. ஒரு சாவி துரையிடம், இன்னொன்று தபால் கந்தோரில். வழியில் சின்னத் துரைமார் கடிதம் கொடுத்தால் போடுவதற்குப் பூட்டுக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு வாய் உண்டு. அதற்குள் போட்டால் போட்டதுதான். சுமக்கிற நானே நினைத்தாலும் எடுக்க முடியாது.

ரயில் பதுளைக்கு வந்த மறுவருஷம், துரையின் மகனுக்குச் சீமையிலிருந்து படப் பேப்பர் வர ஆரம்பித்தது. தாள் முழுக்கப் பெட்டி பெட்டியாகப் படம். ஒரு பெட்டியில் திருடன் ஓடுவான், அடுத்த பெட்டியில் போலீஸ்காரன் துரத்துவான். போலீஸ்காரனுக்கு நான் சட்டிமூக்கன் என்று பெயர் வைத்தேன். திருடனுக்குக் கோடு போட்ட காற்சட்டை, அதனால் அவன் வரிக்காலன். எனக்குத் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், இங்கிலீஷ் சுத்தம். படத்தைப் பார்த்து நானே கதை கட்டிக்கொள்வேன். நாற்பது வயதில் இப்படி ஒரு பைத்தியமா என்று நாங்கள் குடியிருந்த லயத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்களே ஞாயிற்றுக்கிழமை வந்து, வரிக்காலன் இந்த வாரம் அகப்பட்டானா என்று கேட்டார்கள்.

துரை வீட்டில் பார்த்து முடித்த பேப்பரைச் சமையல்காரர் கட்டுக் கட்டாக மொஹிதீன் நானாவின் கடைக்குப் போட்டுவிடுவார், சாமான் சுற்ற. தோட்டத்துப் பாதை பதுளை ரோட்டில் சேரும் இடத்தில் நானாவின் கடை. படத்தாள் வந்தால் அதை அவர் வேறு எதற்கும் கிழிக்க மாட்டார். என் புகையிலையை அதில் மடித்து, மூலையில் பென்சிலால் ஏதோ எழுதி, மேசையின் இழுப்பு லாச்சியில் போட்டு வைப்பார். நானா எழுதுவது தமிழ்தான், ஆனால் அரபு எழுத்தில் எழுதுவார். அந்த எழுத்து அவருக்கும் பள்ளிவாசல் ஆட்களுக்கும்தான் புரியும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "ஒன்ட பேருதான்" என்பார். நான் கதை சொல்லி முடிக்காமல் பொட்டலம் கைக்கு வராது. கேட்டுக்கொண்டே அரிசி நிறுப்பார், சில நாள் எடையை மறந்து நின்றுவிடுவார்.

அந்த வியாழக்கிழமை நான் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கடையில் வேறு யாரும் இல்லை. நானா புதுத் தாளை விரித்து மேல்வரிசை மூன்று பெட்டிகளை மட்டும் காட்டினார். வரிக்காலன் ஒரு பாதிரியாரின் அங்கியைத் திருடி மாட்டிக்கொண்டு, சட்டிமூக்கனுக்கே ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தான். கீழ்வரிசையைப் பார்க்கக் குனிந்தேன். நானா தாளை இழுத்து, என் கண்ணெதிரிலேயே புகையிலையை வைத்து மடித்து, மூலையில் எழுதி, லாச்சியில் போட்டார்.

"நாளைக்கு வா அழகரு. கதெ இதுக்குள்ளதான் ஈக்கி, எங்கேயும் ஓடாது."

மறுநாள் காலையில் நானா கடைக்குள் எடைக்கல்லால் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். லாச்சி திறந்திருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. என் பொட்டலமும் இல்லை. ஒரு மையத்துக்குப் பக்கத்தில் நின்று என் புகையிலை எங்கே என்று கேட்க வெட்கமாக இருந்தது. அதனால் அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

வாய் திறக்கக் கூடாத விஷயத்தில்தான் திறந்தேன். இன்ஸ்பெக்டர் வந்திருந்தார், தோட்டமே கூடி நின்றது. எனக்குள் சட்டிமூக்கன் புகுந்துவிட்டான். அவன் ஒவ்வொரு வாரமும் குனிந்து குனிந்து ஒரு முடியோ நூலோ கண்டுபிடிப்பான். நானும் குனிந்தேன். கதவு நிலையில் ஓர் ஆணி, ஆணியில் கறுப்புக் கம்பளிப் பிசிறு, பிசிறில் சிவப்பு நூல்.

"ஐயா, இந்தச் செவப்பு நூலு தச்ச கம்பிளி யாருதோ அவன்தான்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. தோட்டம் கொடுக்கும் கம்பளி எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும். மழை நாளில் மாறிப் போகாமல் இருக்க அவரவர் ஓர் அடையாளம் தைத்துக்கொள்வோம். சிவப்பு நூல் என் தங்கை இராக்கம்மா தன் புருஷன் மாரிசாமிக்குத் தைத்தது. ஜனம் அவன் பக்கம் திரும்பியது. அவன் ஓடக்கூட இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

கொலைக்கு முந்தின புதன்கிழமை அவன் நானாவோடு சண்டை போட்டதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அரிசியில் பாதி கல் என்று மூட்டையை வாசலில் கொட்டியிருந்தான். கம்பளி அப்போதுதான் ஆணியில் கிழிந்தது என்று அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள்.

அடுத்த புதன்கிழமை பதுளைக் கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். அந்த நூல் யாருடையது என்று கேட்பார்கள். ஆறு நாளாக இராக்கம்மா என்னோடு பேசவில்லை, பிள்ளைகளையும் என் பக்கம் விடவில்லை. அன்று காலை மட்டும் பாதையில் வந்து நின்றாள்.

"அவர கொண்டுவந்து விட்டுட்டு அப்பறம் என்னய தங்கச்சின்னு கூப்புடு" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பையோடு இறங்கினேன்.

தூறல் விடவில்லை. ரோட்டில் பதுளைப் பக்கம் பார்த்துச் சடையனின் மாட்டுவண்டி நின்றது. பதுளையிலிருந்து நானா கடைக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வருகிறவன், எனக்குப் பத்து வயது இளையவன், நல்ல பேச்சுக்காரன். அந்த ஆறு நாளில் என்னோடு முகம் கொடுத்துப் பேசிய ஒரே ஆள் அவன்தான்.

"ஏறுங்கண்ணே. நனைஞ்சுக்கிட்டு ஏன் நடக்குறீங்க" என்றான். ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அரை மைல் போனதும் அவன் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தான். எனக்கும் ஒன்று நீட்டினான். பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்தான். மேல் மடிப்பில் கோடு போட்ட ஒரு கால் தெரிந்தது. மூலையில் பென்சில் எழுத்து.

இந்தத் தாளை நானா மடித்தபோது நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நானாவுக்குப் பிறகு அந்த லாச்சியைத் திறந்தவன் அவரைக் கொன்றவன்தான். அவன் என் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்து, பொட்டலத்தின் வாயைப் பிரித்து எனக்கு நீட்டிக்கொண்டிருந்தான்.

"எடுங்கண்ணே. நல்ல சரக்கு."

எங்கள் பக்கத்தில், நீட்டிய புகையிலையை மறுத்தால் அவனோடு பகை என்று அர்த்தம். இத்தனை நாள் வாங்கிப் போட்டவன் இன்று ஏன் மறுக்கிறான் என்று அவன் யோசிப்பான். கிள்ளி எடுத்து வாயில் போட்டேன். எனக்கென்று நானா எடுத்து வைத்த அதே காரம்.

"குளிருதா?"

"ஆமா, மழை" என்றேன்.

"படத்தத்தானே பாக்குறீங்க. எனக்குத் தெரியும் ஒங்க பைத்தியம்" என்று சிரித்தான். "ஒரு கதையச் சொல்லுங்க, பாதை தெரியாமப் போகும்."

என்னால் முடியாது என்று சொல்ல வரவில்லை. சொல்ல ஆரம்பித்தேன். வாய்க்கு வந்த பழைய கதை எதையாவது சொல்லியிருக்கலாம். பயத்தில் புத்தி ஓடவில்லை, நாக்கு தன் பாட்டுக்கு ஓடியது. வரிக்காலன் பாதிரியார் அங்கியைத் திருடினான், மாட்டிக்கொண்டான், சட்டிமூக்கன் தொப்பியைக் கழற்றிவிட்டு அவன் முன்னால் முழங்காலிட்டான். சடையன் கெக்கெக்கே என்று சிரித்தான். சிரித்தபடியே, அங்கியைப் பார்க்கலாம் என்று, புகையிலையை வெற்றிலைப் பையில் கொட்டிவிட்டுத் தாளை விரித்தான்.

நான் சொன்னதெல்லாம் மேல்வரிசையில் அப்படியே இருந்தது. அந்த வரிசை இவ்வளவு நேரமும் மடிப்புக்கு உள்ளே இருந்தது.

சிரிப்பு நின்றது. மாடுகள் தாமாக நடந்துகொண்டிருந்தன.

"இத முன்னாடியே பாத்திருக்கீங்களாண்ணே?"

"எல்லா வாரமும் ஒரே கததான் சடையா. திருடன் வேஷம் போடுவான், போலீஸ்காரன் ஏமாறுவான்."

"ம்" என்றான். தாளை என் மடியில் போட்டான். "வச்சுக்குங்க. எனக்கெதுக்கு."

அடுத்த திருப்பத்தில் அவன் மாட்டை மெதுவாக்கினான். பின்னால் பார்த்தான், முன்னால் பார்த்தான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்தில் ஆற்றின் சத்தம். ஓர் ஈ காக்கை இல்லை. அவன் யோசிப்பது எனக்குக் கேட்கிற மாதிரியே இருந்தது. நான் தாளை நான்காக மடித்து, அவன் மாட்டைத் தட்டத் திரும்பிய நேரத்தில், தபால் பையின் வாய்க்குள் தள்ளிவிட்டேன். திட்டம் ஒன்றும் இல்லை. அதைக் கையில் வைத்திருக்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

"அந்தப் பேப்பரக் குடுங்கண்ணே. பொகையில நனையுது."

"பையில போட்டுட்டேன்."

"எடுங்க."

"எங்கிட்டச் சாவி இல்லயே. தபால் கந்தோர் ஐயாதான் தொறக்கணும்."

வண்டியை நிறுத்தினான். இறங்கி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையை எடுத்தான். முட்டுக் கொடுக்கவில்லை. கட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"எறங்குங்கண்ணே."

இறங்கினேன். மாரிசாமியின் முகம் வந்தது. நான் இங்கே செத்தால் அவன் அங்கே தொங்குவான், இராக்கம்மாவுக்கு அண்ணனும் இல்லை, புருஷனும் இல்லை. எங்கிருந்தோ எனக்குப் பேச்சு வந்தது.

"சடையா, நான் போய்ச் சேரலன்னா ஒருத்தனும் தேட மாட்டான். இந்தப் பை பதினோரு மணிக்குப் போகலன்னா தொர குதிரையில ஆள் அனுப்புவாரு. தோட்டத்தையே கவுத்துப் போட்டுத் தேடுவாங்க. நீ என்னய ஏத்துனத கங்காணி பாத்தாரு."

கங்காணி பார்த்தது பொய். மற்றது அவனுக்கும் தெரிந்த உண்மை. தோட்டத்தில் ஒரு கூலியாள் காணாமல் போனால் காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது பெயரை அடிப்பார்கள். துரையின் கடிதம் காணாமல் போனால் போலீஸ் வரும். என் வாழ்நாளில் அந்த அநியாயம் எனக்கு உதவியது அன்று மட்டும்தான்.

அவன் கட்டையைக் கீழே விடவில்லை. அடிக்கவும் இல்லை. நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். ஓடினால் அவனும் ஓடிவருவான் என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் பின்னால் வண்டிச் சக்கரச் சத்தம் கேட்டது. நான் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வந்தது, மெதுவாக நடந்தால் அதுவும் மெதுவானது. இரண்டு மைல் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். முதுகு முழுக்கக் காதாக இருந்தது. கடைத்தெரு வந்ததும் அவன் பின்னாலிருந்து, "கோர்ட்டு முடிஞ்சு வாங்கண்ணே, சேந்தே திரும்புவோம்" என்று எப்போதும் போலச் சொன்னான். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

தபால் கந்தோர் ஐயா பையைத் திறந்து கடிதங்களைக் கொட்டினார். "இது என்ன குப்பை" என்று தாளைத் தூக்கினார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர், தாளைக் கீழே வைக்காமல் இன்ஸ்பெக்டருக்கு ஆள் அனுப்பினார்.

இன்ஸ்பெக்டர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "பழைய பேப்பர் எவன் கையிலும் இருக்கும். இது ஒன்னுடையதுன்னு எப்படிச் சொல்லுற?"

மூலையைக் காட்டினேன். அவருக்கும் அந்த எழுத்து தெரியவில்லை. பஜாரில் கடை வைத்திருந்த நானாவின் தம்பி மர்ஸூக்கைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது எங்கட நானாட கையெழுத்து" என்றார். "தபால் அழகர், வெள்ளிக்கிழமை."

இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் சடையன் மாட்டை அவிழ்த்துவிட்டு எனக்காகக் காத்திருந்தான். இரண்டு கான்ஸ்டபிள்கள் ரோட்டைக் கடந்தார்கள். அவன் ஓடவில்லை. வழியில் மூட்டையைப் பிரித்து அரிசியை எடுத்துக் கல்லைக் கலந்தது அவன்தான். மாரிசாமி சண்டை போட்ட பிறகு நானாவுக்கு அது விளங்கிவிட்டது, துரையிடம் சொல்வேன் என்றார், அதற்காகத்தான் சடையன் எடைக்கல்லைத் தூக்கினான். இவ்வளவும் அன்று மத்தியானத்துக்குள் வெளியே வந்துவிட்டது. இரண்டு நாளில் மாரிசாமி லயத்துக்கு வந்தான். என் வீட்டு வாசலில் நின்று, "ஒங்க போலீஸ் வேலய இன்னையோட விட்டுருங்க மச்சான்" என்றான். இராக்கம்மா பின்னாலேயே வந்து அண்ணே என்று கூப்பிட்டாள்.

அவன் உயிர் திரும்பிவிட்டது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை. ஆனாலும் தபால் கந்தோரில் மர்ஸூக் தாளைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை. பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. இன்ஸ்பெக்டர் அது என்ன என்று கேட்டார்.

"அது கேஸுக்கு ஒதவாது ஐயா" என்றார் மர்ஸூக். பிறகு என்னைப் பார்த்து வாசித்தார். "கதெ கேட்டுட்டுத்தான் குடுக்கோணும்."

அந்தக் கதையை நான் காலையிலேயே சொல்லி முடித்திருந்தேன். நானாவைக் கொன்றவன் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு கேட்டான்.