ஒரு பை கசப்பு ஆரஞ்சு

லிப்ட் மெக்கானிக் பையைச் சமையலறை மேடையில் வைத்து, சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று சொன்னபோதே அவன் மனைவிக்கு எங்கேயோ இடித்தது. பழங்களில் காம்பும் இலையும் இருந்தன. சந்தைப் பழத்தில் இலை ஏது? ஆனாலும் கேட்கவில்லை. வேலையில் லிப்டிலிருந்து விழுந்து எழுந்த மனுஷன், மாதக்கணக்கில் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்து தேய்கிறவன், பொழுதுபோக ஏதோ வாங்கி வந்திருக்கிறான் என்று விட்டுவிட்டாள். அவள் பேக்கரியில் கேக் அலங்கரிப்பவள். ஆரஞ்சைத் தோலோடு ஜாமாக்கும் மார்மலேட் காய்ச்ச அங்கேதான் கற்றிருந்தாள்.

தோலை அவன் நறுக்கினான். இடது கை விரல்கள் மடங்காததால் உள்ளங்கையால் பழத்தை அழுத்திக்கொண்டு கத்தியை ஓட்டினான். ஒரு துண்டு நூலாக வந்தால் அடுத்தது கயிறாக வந்தது. அவள் விதைகளைத் துணியில் முடிந்து தண்ணீரில் போட்டாள். அந்த விதையில்தான் பசை, அது இல்லாமல் மார்மலேட் இறுகாது. தோல் வேகும்வரை அவன் ஜன்னலுக்குப் போனான், வந்தான், மூடியைத் திறந்தான், மறுபடி போனான். ஒரு இடத்தில் உட்காருங்களேன் என்று அவள் சொன்னதற்குச் சரி என்றான், உட்காரவில்லை.

சர்க்கரையைக் கொட்டிக் கிண்டத் தொடங்கியபோது மேடையில் கிடந்த ஒரு இலை கண்ணில் பட்டது. காம்பில் சின்ன இறக்கை வைத்தது போன்ற இலை. ஆம்புலன்ஸில் அவனை ஏற்றிய அன்று, அவன் விழுந்த பழைய கட்டடத்தின் முற்றத்தில், யாரும் தின்னாமல் உதிர்ந்து கிடந்த பழங்களில் அவள் கால் வழுக்கியது. அண்ணாந்து பார்த்தபோது இதே இலை.

"அந்தக் கட்டடத்துக்கா போனீங்க?"

அவன் மறைக்கவில்லை. கொஞ்ச நாளாகவே போகிறானாம். முதல் நாள் வாசல் கேட்டோடு திரும்பிவிட்டானாம். நேற்று லிப்ட் கூண்டின் மேலேயே ஏறி நின்றானாம். கம்பெனி தருவதாகச் சொன்ன ஆபீஸ் வேலை, போனில் புகார் எழுதிக்கொள்ளும் வேலை, அதை வேண்டாம் என்று சொல்லியும் விட்டானாம். அந்த வேலைக்கென்று அவள் எடுத்து வைத்த சட்டைகள் பிரிக்காமல் பீரோவில் இருந்தன. பேக்கரி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கரண்டியை வீசிவிட்டு வெளியே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் பாகு பொங்கிக் கொதித்தது. கையை எடுத்தால் அடிபிடித்துவிடும். கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"கால் நடுங்குச்சு. ஆனா அந்த ஆபீஸ் நாற்காலில உக்காந்து பாத்தேன். மூச்சு முட்டுது."

"உங்களுக்குக் கால் நடுங்குச்சு, சொல்லிட்டீங்க. எனக்கு நடுங்குறத நான் யார்கிட்ட சொல்றது?"

அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி நின்றான். குளிர்ந்த தட்டில் அவள் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினாள். மேலே மெல்லிய சுருக்கம் விழுந்தது. பதம். அடுப்பை அணைத்தாள்.

அப்போதுதான் அவன் போன் அடித்தது, கம்பெனியிலிருந்து. பக்கத்துத் தெருவில் ஒரு லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியவர் தனியாக மாட்டியிருக்கிறார். மற்ற ஆட்கள் ஊரின் மறுமுனையில் இருந்தார்கள். அவன் போனைக் காதில் வைத்தபடி அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் ஒருமுறை தலையசைத்தால் போகமாட்டான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"கை பிசுபிசுன்னு இருக்கு," என்றாள். "கழுவிட்டுப் போங்க."

அவன் போன பிறகு சூடு ஆறுவதற்குள் பாட்டில்களில் ஊற்றி மூடிகளை இறுக்கினாள். வரிசையாக வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஆற ஆற மூடிகள் உள்வாங்கும். அப்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். முதல் பாட்டில் சத்தம் போட்டபோது வாசலைப் பார்த்தாள். இரண்டாவதற்கும் பார்த்தாள். வெயில் பாட்டில்களுக்குள் நுழைந்து மேஜையில் மஞ்சளாகச் சிந்தியது. கடைசிப் பாட்டிலின் மூடி மட்டும் இன்னும் புடைத்துக்கொண்டிருந்தது. விரல் வைத்து அழுத்தவும் மனம் வராமல், எழுந்துபோகவும் முடியாமல், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.