முன்கூட்டிச் சொன்ன சாட்சி

பிப்ரவரி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருக்கும் சபையில், காலை ஆராதனையின்போது லிஃப்ட்காரரின் மனைவி மைக் முன்னால் வந்து, தன் கணவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சாட்சி சொன்னார். அன்று அவருக்கு வேலை கிடைத்திருக்கவில்லை.

ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரருக்கும் அது புதிய செய்தி. மனைவி கண்ணை மூடிக்கொண்டு விவரமாகச் சொன்னார். "சக்கரம் வெச்ச நாற்காலி தந்தீரே, ஸ்தோத்திரம். பக்கத்துல ஒரு ஜன்னல் தந்தீரே, ஸ்தோத்திரம். சத்தம் போடாத முதலாளியைத் தந்தீரே, ஸ்தோத்திரம்." சபை ஆமென் என்றது. லிஃப்ட்காரரும் பழக்க தோஷத்தில் ஆமென் என்றுவிட்டார்.

இதில் போதகருக்குப் பங்கு உண்டு. மாதத் தொடக்கத்திலிருந்தே அவர் ஜெபத்தைப் பற்றித்தான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். "ஏதாவது ஒரு வேலை கொடும்னு கேட்டா ஏதாவது ஒண்ணுதான் வரும். என்ன வேணும்னு குறிப்பாக் கேளுங்க. கேட்டுட்டு, கிடைச்சாச்சுன்னு நன்றி சொல்லுங்க. கிடைச்சப்புறம் நன்றி சொல்றது மரியாதை. கிடைக்கறதுக்கு முன்னாடி சொல்றதுதான் விசுவாசம்." எல்லோரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டவர் லிஃப்ட்காரரின் மனைவி ஒருவர்தான்.

ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்கு வந்து கைகுலுக்கினார்கள்.

"எந்தக் கம்பெனி பிரதர்?"

"இன்னும் சொல்லல."

"யாரு சொல்லல?"

லிஃப்ட்காரர், தன் மனைவி இருந்த பக்கம் பார்த்தார். கேட்டவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வெளியில சொல்லக் கூடாத வேலையா? சரி சரி, நான் கேக்கல" என்று நகர்ந்தார். வாசலை அடைவதற்குள் அது ராணுவம் சம்பந்தப்பட்ட வேலை என்று ஆகியிருந்தது.

லிஃப்ட்காரர் இருபத்துநாலு வருஷம் ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். மூலையில் ஒரு ஸ்டூல், எதிரே ஒரு இரும்புக் கதவு. போன வருஷக் கடைசியில் புது லிஃப்ட் வந்தது. அது தானாகவே நின்றது, தானாகவே திறந்தது, எந்த மாடி என்பதைப் பெண் குரலில் சொன்னது. கட்டடத்துச் சொந்தக்காரர் அவரைக் கூப்பிட்டு, "நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல. அது லீவு கேக்காது, அவ்வளவுதான்" என்று அனுப்பிவைத்தார். அதன் பிறகு வீட்டில் யாராவது அறைக்குள் வந்தால் அவர் கை தானாக எழுந்து சுவரில் பொத்தானைத் தேடியது.

மனைவி ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தார். வருகிறவர்களை வரிசையாக உட்காரவைக்க வேண்டும், வலியில் கத்துகிறவர்களிடம் தாழ்ந்த குரலில் பேச வேண்டும். அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. டாக்டர் உள்ளே தூங்கும்போது ஃபோன் வந்தால் "டாக்டர் தூங்கறாரு" என்றே சொல்வார். டாக்டருக்கு அதில் வருத்தம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் லிஃப்ட்காரர் கேட்டார்.

"வேலை கிடைச்சிருச்சுன்னு சொன்னியே, எங்கேன்னும் சொல்லிட்டா காலையில போய் உக்காந்துக்குவேன்."

"நான் பொய் சொல்லலைங்க. கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன்."

"எவ்வளவு முன்னாடி?"

"அது உங்க கையிலயும் இருக்கு."

திங்கட்கிழமை மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கையில் கொடுத்தார். சட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தது. தெருவில் சபைக்காரர்களின் வீடுகள் இருந்ததால் லிஃப்ட்காரரும் வேலைக்குப் போகிறவர் மாதிரி வேகமாக நடந்தார். இரண்டு தெரு தள்ளி, டாக்சி ஓட்டும் மைத்துனர் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். மைத்துனர் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் சபைக்கு வருகிறவர்.

"மச்சான், அக்கா கேட்ட வேலை என்கிட்டயே இருக்கு. இந்த சீட்டுக்குக் கீழ நாலு சக்கரம். பக்கத்துல ஜன்னல். முதலாளி நான்தான், வாயே திறக்க மாட்டேன்."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே."

"மேலயும் கீழயும் போனவருக்கு நேரா போறது கஷ்டம்தான்" என்றார் மைத்துனர்.

லிஃப்ட்காரர் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி வேலை கேட்டார். ஏறி இறங்கிய லிஃப்ட்கள் எல்லாம் பேசின. மதியம் எங்காவது படிக்கட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். சாயங்காலம் கூட்டத்தோடு கூட்டமாக வீடு திரும்புவார். மனைவி "வேலை எப்படி?" என்று கேட்பார். விசுவாசத்தில் கேட்கிறாரா, வேலை தேடுவதைக் கேட்கிறாரா என்று அவருக்கு விளங்கவில்லை. "பரவாயில்லை" என்பார். இரண்டுக்கும் அது பொருந்தியது.

மார்ச் மாதத்தில் நிஜமாகவே ஒரு வேலை கிடைத்தது. ஒரு வணிக வளாகத்துக்குக் கீழே, தரைக்கு அடியில் இரண்டாவது தளத்தில் கார் நிறுத்துமிடம். வருகிற வண்டிக்குச் சீட்டுக் கொடுத்து, போகும்போது திருப்பி வாங்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது. மூன்று பக்கமும் கான்கிரீட் சுவர். அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய முதலாளிக்குப் பிறவியிலேயே பெரிய தொண்டை. "டீ குடிச்சியா?" என்பதையும் திருடனைப் பிடித்தவர் மாதிரிதான் கேட்பார். சுவர்களில் மோதி அது மூன்று தடவை கேட்கும். திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள், என்றும் அவர் அப்படியே கத்திச் சொன்னார்.

லிஃப்ட்காரர் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். மனைவி முழுவதையும் கேட்டுவிட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மேஜைமேல் வைத்தார்.

"இது நம்ம வேலை இல்லைங்க."

"என்னது?"

"வேற யாருக்கோ வரவேண்டியது வழி தவறி வந்திருக்கு. ஜன்னலே வேண்டாம்னு யாராவது ஜெபிச்சிருப்பாங்க."

"அப்படி யாரு ஜெபிப்பா?"

"எத்தனையோ பேர் இருக்காங்க. உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வேலையை விட்டா எனக்கு வேற கிடைக்காது. என் வயசுக்கு இதுவே பெருசு."

"நீங்க அங்க போய் உக்காந்தா, நான் அதே மைக்குல நின்னு, அன்னிக்குச் சொன்னது பொய்யின்னு சொல்லணும். சொல்லிட்டு அப்புறம் சபைப் படியே ஏற மாட்டேன். எது வேணும்னு நீங்களே பாத்துக்கோங்க."

அவர் அப்படிச் செய்யக்கூடியவர் என்பது லிஃப்ட்காரருக்குத் தெரியும். விரல்விட்டு எண்ணிக் கேட்டார்.

"நாற்காலி சரி. முதலாளி சரி. ஜன்னல் எதுக்கு?"

"இருபத்துநாலு வருஷமா சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், இன்னிக்கு மழை பெஞ்சுதான்னு என்கிட்டதான் கேக்கறீங்க" என்றார் மனைவி.

லிஃப்ட்காரர் மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வாக்குவாதம் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இருவரும் போதகர் வீட்டுக்குப் போனார்கள். சபைப் பெரியவரான மூப்பர் ஏற்கெனவே அங்கே இருந்தார். தச்சுப் பட்டறை வைத்திருப்பவர். போதகர் வீட்டு அலமாரிக் கதவைச் சரிசெய்ய வந்தவர். விஷயத்தைக் கேட்டதும் போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிஸ்டர், குறிப்பாக் கேளுங்கன்னுதான் சொன்னேன். இவ்வளவு குறிப்பாவா?"

"எவ்வளவு குறிப்பான்னு நீங்க குறிப்பாச் சொல்லலையே ஐயா."

போதகர் மறுபடியும் துடைத்தார். சபை நடுவில் அந்தச் சாட்சி தவறு என்று ஆனால், அத்தனை வாரப் பிரசங்கமும் அதோடு சேர்ந்து தவறாகும்.

மூப்பர் அலமாரிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். "நாற்காலிக்குச் சக்கரம் வைக்கறது கால் மணி நேர வேலை."

"நாம வெச்சா அது கர்த்தர் தந்ததாகுமா?" என்றார் போதகர்.

"உங்களுக்குச் சம்பளம் நாங்கதான் போடறோம். கர்த்தர் தர்றார்னுதானே நீங்க சொல்றீங்க?"

போதகர் அதற்குமேல் ஆட்சேபிக்கவில்லை. ஜன்னலுக்கும் வழி இருந்தது. சபைக்குப் போன வருஷம் அலுமினிய ஜன்னல்கள் போட்டபோது கழற்றிய மர ஜன்னல்கள் பட்டறையில் கிடந்தன. "அந்தச் சுவருக்கு அப்பால என்ன இருக்கு?" என்று மூப்பர் கேட்டார். மண்தான் இருக்கும் என்றார் லிஃப்ட்காரர். "இருக்கட்டும். ஜன்னல்தானே கேட்டாங்க? வெளியில என்ன தெரியணும்னு கேக்கலையே" என்றார் மூப்பர்.

எல்லோரும் மனைவியைப் பார்த்தார்கள். அவர் யோசித்து, "திறக்கற ஜன்னலா இருக்கணும்" என்றார்.

சனிக்கிழமை மதியம் மூப்பர், போதகர், லிஃப்ட்காரர், மனைவி, மைத்துனர் ஐந்து பேரும் டாக்சியில் அந்தக் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கினார்கள். ஜன்னல் வண்டியின் கூரையில் கட்டியிருந்தது. நாற்காலிக்குச் சக்கரம் வைத்து முடித்ததும் மூப்பர் அதில் உட்கார்ந்து பார்த்தார். தளம் லேசாகச் சரிந்திருந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை. நாற்காலி மூப்பரோடு கிளம்பி, நிறுத்தியிருந்த கார்களைத் தாண்டி, தூணில் முட்டி நின்றது. "சக்கரம் நல்லா ஓடுது" என்றார் அவர் அங்கிருந்தே. நாற்காலியைச் சுவரில் ஒரு கொக்கியோடு கயிறு போட்டுக் கட்டினார்கள்.

ஜன்னலுக்காகச் சுவரில் துளை போடும் சத்தம் கேட்டு முதலாளி இறங்கி வந்தார். அவர் குரல் அவருக்கு முன்னால் வந்தது.

"யாரைக் கேட்டுச் சுவத்துல கை வெச்சீங்க? இது என்ன உங்க வீடா? யாருய்யா நீங்கள்லாம்?"

போதகர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வாயைத் திறந்து மூடினார். மைத்துனர் டாக்சிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். முதலாளி லிஃப்ட்காரரைப் பார்த்து விரலை நீட்டினார். "நீ திங்கட்கிழமை வரவே வேண்டாம்."

வேண்டாம் என்பது மூன்று தடவை கேட்டது.

மனைவி முன்னால் வந்தார். பல் வலிக்காரர்களிடம் பேசும் குரலில் பேசினார்.

"ஐயா, நீங்க சத்தம் போடாத முதலாளின்னு நான் சபையில சாட்சி சொல்லியிருக்கேன்."

முதலாளி விரலை நீட்டியபடியே நின்றார். "யாரு, நானா?"

"நீங்கதான். அப்போ உங்களைத் தெரியாது. ஆனா நீங்கதான்."

"எத்தனை பேர் முன்னாடி?"

"சபை நிறைய ஆள் இருந்துச்சு."

"நம்புனாங்களா?"

"ஆமென் சொன்னாங்க."

முதலாளி விரலை மடக்கினார். தன்னைப் பற்றி இப்படி ஒரு செய்தி ஊருக்குள் உலவுகிறது என்பதை அவர் நின்று நிதானமாக யோசித்ததாகத் தெரிந்தது. பிறகு தொண்டையைச் செருமினார். அவர் மெதுவாகப் பேச முயன்றபோது குரல் துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது.

"என் வீட்டுக்காரி ரெண்டு வருஷமா அவங்க அண்ணன் வீட்டுல இருக்கா. அவகிட்ட இதை யாராவது சொல்ல முடியுமா?"

"சொல்லலாம். முதல்ல இது உண்மையாகணும்" என்றார் மனைவி.

"முன்னாடியே சொல்லக் கூடாதா? உங்க வீட்டுக்காரருக்குச் சொன்னீங்களே."

மனைவி போதகரைப் பார்த்தார். போதகர் தூணைப் பார்த்தார்.

முதலாளி சுவரருகே போனார். மூப்பர் அப்போதுதான் கடைசித் திருகாணியை முடுக்கியிருந்தார். முதலாளி ஜன்னல் கொக்கியை விலக்கி இரண்டு கதவுகளையும் திறந்தார். உள்ளே கான்கிரீட். அவர் அதற்குள் முகத்தை வைத்து, "எல்லாப் பயலும் கிறுக்குப் பயலுங்க" என்று முழுத் தொண்டையில் கத்தினார். பிறகு கதவுகளைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். லிஃப்ட்காரர் பக்கம் திரும்பி, "திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துருங்க" என்றார், கிட்டத்தட்ட மெதுவாக.

மறுநாள் ஆராதனையில் மனைவி மைக் முன்னால் வந்தார். நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறது, கயிற்றால் கட்டியிருக்கிறது; ஜன்னல் இருக்கிறது, திறந்தால் சுவர்; முதலாளி ஜன்னலிடம் மட்டும் சத்தம் போடுகிறார், என்று உள்ளபடியே சொன்னார். ஆமென் சொல்லலாமா என்று சபை ஒரு கணம் தயங்கியது. லிஃப்ட்காரர் முதலில் சொன்னார். அதற்கு அடுத்த ஞாயிறு போதகர் பொறுமையைப் பற்றிப் பிரசங்கிக்க ஆரம்பித்தார்.

முதலாளியின் மனைவியிடம் லிஃப்ட்காரரின் மனைவி மே மாதம் போய்ப் பேசினார். உண்மையாகட்டும் என்று அதுவரை காத்திருந்தார். முதலாளியின் மனைவி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இதுவரை சொல்லவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், சரிவில் இறங்கிய கார்களின் கண்ணாடிகள் நனைந்திருந்தன, துடைப்பான்கள் ஆடிக்கொண்டிருந்தன. லிஃப்ட்காரர் சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "மழை மூணு மணிக்குப் பிடிச்சு அஞ்சு மணிக்கு விட்டுச்சு" என்று மனைவியிடம் சொன்னார். பல் டாக்டரிடம் அன்று கூட்டம். மனைவி வெளியே பார்க்கவில்லை. "பெஞ்சுதா?" என்று கேட்டார்.