பேட்டரி வண்டியும் சாக்பீஸ் கோடும்

நாமக்கல்லில் ஆறு லாரிக்குச் சொந்தக்காரர் சென்னியப்பன். எந்த டிரைவரையும் நம்பாமலே முப்பது வருஷம் தொழில் நடத்தியவர். ஷெட்டில் வண்டி நின்றால் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேராகத் தரையில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவார். திரும்பி வரும்போது இரண்டும் விலகியிருந்தால், யாரோ தனக்குத் தெரியாமல் வண்டியை எடுத்து வாடகைக்கு ஓட்டிவிட்டான் என்று முடிவு கட்டிவிடுவார்.

அந்தப் புத்தி அவரோடு கப்பலிலும் ஏறிவிட்டது.

லாரிக்காரர்கள் இருபது குடும்பமாகச் சேர்ந்து சென்னையிலிருந்து கிளம்பிய நான்கு நாள் சுற்றுலாப் பயணம் அது. மூட்டு தேய்ந்த சென்னியப்பனால் பத்தடி நடக்க முடியாது. கப்பலின் நடைபாதையோ தேர் ஓடும் வீதி போல நீளம். அதனால் மகள் பிரவீனா, உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டி ஒன்றைக் கூடவே அனுப்பியிருந்தாள். அது இல்லையென்றால் நான்கு நாளும் கட்டிலே கதி.

இரண்டாம் நாள் மதியம் தூங்கி எழுந்தவர் வண்டியைப் பார்த்தார். சுவரைப் பார்த்து நிறுத்திய வண்டி, கதவைப் பார்த்து நின்றது.

"ஏ காளியாத்தா, வண்டிய யாரு தொட்டது?"

"எனக்கென்ன தெரியுமுங்க? நான் இப்பத்தான் மேல இருந்து ஊட்டுக்கு வாரேன்," என்றாள் மனைவி. ஒரே நாளில் அந்த அறை அவளுக்கு வீடாகியிருந்தது.

"சாவி என் தலகாணிக்கு அடியில இருக்குது. அப்ப கள்ளச்சாவி போட்டிருக்கான்."

"எடுத்துட்டு எங்கீங்க போவான்? கடல்லயா ஓட்டுவான்?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அறையைத் திறக்கக்கூடிய இன்னொரு ஆள், சுத்தம் செய்ய வரும் முருகானந்தம்தான். நாற்பத்தைந்து வயது, மேட்டூர்க்காரர். வந்த அன்றே, "நம்மூருங்களா ஐயா?" என்று சிரித்தவர். ஊர் பேரைச் சொல்லி ஒட்டிக்கொள்கிறானே என்று இப்போது அந்தச் சிரிப்பிலும் அவருக்குச் சந்தேகம் முளைத்தது.

மறுநாள் காலை, குளிக்கப் போகுமுன் சக்கரத்தில் கோடு போட்டார். அதற்கு நேராகக் கம்பளத்திலும் ஒன்று. குளித்து வந்து பார்த்தால் கோடுகள் விலகியிருந்தன. வண்டியும் திரும்பியிருந்தது. ஈரத்தலையோடு அதிலேயே ஏறிக் கப்பல் அலுவலகத்துக்குப் போய், முருகானந்தம் வண்டியைத் திருட்டுத்தனமாக எடுக்கிறான் என்று புகார் எழுதிக் கொடுத்தார்.

"நாலு மணிக்கு அவரையும் கூட்டிக்கிட்டு வர்றேன் சார். உண்மைன்னா அடுத்த துறைமுகத்துலயே இறக்கிடுவோம். அவரு வேலை அதோட போச்சு," என்றாள் அதிகாரி சத்யபிரியா.

"போகட்டும்," என்றார்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை வேறு. மதியம் மனைவி வெளியே போனதும், போர்வைக்குள் ஒரு கண்ணை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு படுத்தார்.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. தண்ணீர் வைக்க வந்த முருகானந்தம், அவர் தூங்குவதாக நினைத்து ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். வண்டியின் பின்னால் குனிந்து ஒரு சின்ன லீவரைத் தூக்கினார். சாவியில்லாமலே சக்கரம் உருண்டது. கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, வண்டியைக் கதவுப் பக்கம் திருப்பினார். லீவரை இறக்கினார். சார்ஜர் ஒயரைச் செருகினார். சத்தமில்லாமல் போய்விட்டார். அவ்வளவுதான்.

சென்னியப்பனுக்கு அப்போதுதான் முதல்நாள் கண்முன் வந்தது. ரிவர்ஸில் வெளியே எடுக்கத் தெரியாமல் கதவில் மூன்று முறை முட்டினார், விரலும் நசுங்கியது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பியபோது, வெளியே துண்டு மடித்துக்கொண்டிருந்த இந்த மனுஷன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலு மணிக்கு சத்யபிரியா புகார்த் தாளோடு வந்தாள். பின்னால் வெளிறிய முகத்தோடு முருகானந்தம். காளியாத்தாளும் வந்து நின்றாள்.

"வண்டி எப்படி நகர்ந்துச்சு?" என்று அதிகாரி கேட்டாள்.

முருகானந்தம் கட்டிலில் உட்கார்ந்திருந்த சென்னியப்பனைப் பார்த்தார். ஐயாவுக்கு ஓட்ட வரவில்லை என்று அவர் வீட்டம்மா முன்னால் எப்படிச் சொல்வது? "கப்பல் ஆடுனதுல உருண்டிருக்குமுங்க மேடம். ஐயா மேல தப்பில்ல," என்றார்.

ஆமாம் என்று சென்னியப்பன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மானம் தப்பிக்கும். ஆனால் அந்த ஆள்மேல் சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருக்கும். தன் வேலை போகிற நேரத்திலும் இன்னொருவன் மானத்தைப் பார்க்கிற மனசை ஆண்டவன் யாருக்கு வைக்கிறான் என்று நினைத்தார்.

"உருளலைங்க மேடம். எனக்கு ரிவர்ஸ் வரமாட்டேங்குது. நான் முட்டிக்காம வெளிய போகட்டும்னு இவருதான் தினமும் திருப்பி வெச்சிருக்காரு. என் கண்ணால பார்த்தேன். நான்தான் திருட்டுப் பட்டம் கட்டிட்டேன்."

"ஆறு லாரிக்காரருக்கு ரிவர்ஸ் வராதுங்களா!" என்று காளியாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேறு நாளாக இருந்தால் அவளை ஒரு பார்வை பார்த்திருப்பார். இப்போது கட்டிலைப் பிடித்து எழுந்து நின்று, "அந்தத் தாளைக் கிழிச்சிருங்க மேடம். இவரு பார்க்கறப்பவே கிழிங்க," என்றார்.

அவள் கிழித்தாள். மூட்டு வலித்தாலும், கிழித்து முடிகிறவரை அவர் உட்காரவில்லை.