டிஸ்கில் அடங்காத முகம்

ஒரு டிஸ்கில் எவ்வளவு படம் அடங்கினால் ஜனங்களுக்குப் போதும் என்ற விஷயத்தில் இசோபேக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இப்போது அடங்குவதே போதும். போட்டிக் கம்பெனிக்காரன் ஐந்து மடங்கு கொள்ளும் நீல ஒளி டிஸ்கைக் கடைக்குக் கொண்டுவந்து ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தான். இசோபேயின் கம்பெனி, பழைய டிஸ்கிலேயே படத்தைச் சாமர்த்தியமாகச் சுருக்கி அடைத்துவிடலாம் என்று அடம் பிடித்தது. அந்தச் சாமர்த்தியத்துக்குப் பெயர்தான் இசோபே. பதினைந்து வருஷமாக அந்த மனிதருக்கு வேறு வேலை கிடையாது.

சுருக்குவதில் அவர் கண்டுபிடித்த சூட்சுமம் ரொம்ப எளிமையானது. ஒரு காட்சியில் நாலு பேர் கண் எங்கே போகுமோ அங்கே தாராளமாகச் செலவு செய்வது, போகாத இடத்தில் கையைச் சுருக்கிக்கொள்வது. கதாநாயகி அழுதால் அவள் இமை மயிர் ஒவ்வொன்றும் தெரியும். அவளுக்குப் பின்னால் நடந்து போகிறவர்கள் வெறும் தீற்றல். யாரும் கவனிப்பதில்லை. ஊழியர்களின் மனைவிமாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீயும் அரிசி முறுக்கும் கொடுத்து, இரண்டு திரைகளைக் காட்டி எது உசத்தி என்று கேட்டார்கள். அநேகமாக எல்லோரும் இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். முறுக்கு நன்றாயிருந்ததாகவும் சொன்னார்கள்.

அவர் வீட்டில் ஒரு ரெக்கார்டர் இருந்தது. சொந்தக் கம்பெனிச் சரக்கு. அதன் வயிற்றுக்குள் ஊர்த் தேர்த் திருவிழா கிடந்தது. உள்ளூர்த் தொலைக்காட்சி துல்லியப் படமாக ஒளிபரப்பியதை அப்படியே பிடித்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு திருப்பத்தில், தேர் குலுங்கித் திரும்பும்போது, வடம் பிடித்து ஓடும் பையன்களுக்குள் இவர்கள் மகன் கோஹேய் இருந்தான். ஓடிக்கொண்டே யாரையோ திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். அடுத்த வசந்த காலத்தில் ஒரு லாரி அவனை அடித்துப் போட்டது. பத்தொன்பது வயது. பூஜை மாடத்தில் இருக்கும் போட்டோவில் பள்ளிக்கூடச் சட்டையும் உம்மென்ற முகமுமாக இருப்பான். சிரிக்கிற கோஹேய் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் மிச்சம்.

திருவிழா அன்று இசோபே ஆய்வுக்கூடத்தில் இருந்தார். மனைவி ஃபுமியே வட்டாரக் கூடத்தில் வடம் பிடிப்பவர்களுக்குச் சோற்று உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அதனால் நேரில் பார்த்தவர்கள் வீட்டில் யாரும் இல்லை. பையன் போன பிறகு அவள் அந்தப் படத்தைத் தினமும் பார்த்தாள். இசோபே ஒரே ஒரு தரம் பார்த்தார். பாதியில் எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

அவன் போன இரண்டாம் வருஷத்துக் குளிரில் பெட்டி கறக் கறக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. அடுத்த மாதம் நினைவு நாள், சொந்தக்காரர்கள் வருவார்கள். அடியில் கணப்பு வைத்த மேசைக்குள் காலை நீட்டி ஆரஞ்சு உரித்துக்கொண்டே ஃபுமியே பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, பெட்டி இழுத்துக்கிட்டுக் கெடக்கு. என் தம்பி ரியோஜி அந்தப் புது பெரிய டிஸ்க் மெஷின் வாங்கியிருக்கான்ல. ஒரு ஒயர மாட்டினா அப்படியே முழுசா ஏத்திக்கலாமாம். வரச் சொல்லட்டுமா?"

"யாரு பெட்டி அது?"

"யாரு பெட்டியா இருந்தா என்னங்க?"

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறவன் பெட்டி. அது இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு தெருவுல எவனாச்சும் பாத்தான்னா நாளைக்கு ஆபீஸ் பூரா தெரியும். எதிர்வீட்டுக்காரன் விற்பனைப் பிரிவு, மறந்துட்டியா?"

"அப்ப நாம அவன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவோம். துணி போட்டு மூடிக்கலாம்."

"வேணாம். சாதா டிஸ்க்லயே நான் போட்டுத் தரேன். வித்தியாசம் ஒனக்கே தெரியாது. நீயே அன்னிக்கு வந்து ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னவதான?"

"அன்னிக்குக் காட்டினது எவளோ நடிகை."

அவள் ஆரஞ்சுச் சுளையின் நாரை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். நாரெல்லாம் போன சுளையை அவர் பக்கம் நகர்த்தி, "நீங்க சொன்னா சரி," என்றாள். வீட்டில் டிஸ்க் விஷயம் தெரிந்தவர் அவர்தானே.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். தொலைக்காட்சியில் வந்ததைப் பிடித்து வைத்தால் அதற்கு நகல் எடுக்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். டிஸ்குக்குப் போகப் போகப் பெட்டியில் அழிந்துகொண்டே வரும். ஜனங்கள் திருடிவிடுவார்கள் என்று பயந்து பெரியவர்கள் கூடிப் போட்ட ஏற்பாடு. அந்தக் கூட்டங்களில் இசோபேயும் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிஸ்கைப் போட்டார். மூலப்படம் அழியும், சம்மதமா என்று பெட்டி கேட்டது. பெட்டிக்கு இருந்த அக்கறைகூட அவருக்கு இல்லாமல் போயிற்று. சம்மதம் என்று அழுத்திவிட்டு நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்தார். அவருக்குத் தன் வேலையில் அவ்வளவு நம்பிக்கை. கெட்ட எண்ணம் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

முடிந்ததும் இருவரும் பார்த்தார்கள். தேர் பிரமாதமாக வந்திருந்தது. தேர்க் கூரை மேல் நின்று விசிறி வீசி ஆடுகிறவனின் நெற்றி வியர்வை தெரிந்தது. திருப்பம் வந்தது. மாடிகளிலிருந்து காகிதப் பூ கொட்டியது, வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்தார்கள். தேர் குலுங்கித் திரும்பியது. கீழே ஒரே மாதிரி நீலச் சட்டையும் தலைக்கட்டுமாக வடம் பிடித்த பையன்கள் சதுரம் சதுரமாக உடைந்து, ஒருவனுக்குள் ஒருவன் கரைந்து ஓடினார்கள்.

ஃபுமியே திரைக்குப் பக்கத்தில் போய் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். திரும்பப் போட்டாள். இன்னொரு தரம் போட்டாள்.

"பல்லு எங்கங்க?"

"எந்தப் பல்லு?"

"அவனுக்கு முன்பல்லுல ஒரு சந்து இருக்குமே. சிரிக்கறப்ப தெரியும். இதுல வாயே இல்ல."

"தண்ணி, காகிதம், கூட்டம், எல்லாம் ஒரே நேரத்துல ஆடுதில்ல. அதுக்கு மேல இதுல எடம் கெடையாது. தேருக்குத்தான் முதல்ல குடுக்கும்."

"யாரு சொன்னது தேருக்குக் குடுன்னு?"

சொன்னது இசோபேதான். நாலு பேர் கண் தேரைத்தான் பார்க்கும் என்று கணக்குப் போட்டு எழுதி வைத்தது அவருடைய கை.

"அன்னிக்கு ஆபீஸ்ல அத்தன பேரு ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னாங்களே," என்றாள் ஃபுமியே. குரலில் கோபம்கூட இல்லை. "அந்தக் கூட்டத்துல அவங்க பிள்ளை யாரும் இல்லையே. அதான்."

மறு வாரம் கம்பெனியில் கடைசிக் கூட்டம். பெரிய டிஸ்குக்கு மாறுவதா, உள்ளதையே வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும் நாள். இசோபேயின் மேலாளர் ததாரா அவர் பக்கம் திரும்பினார்.

"என்ன இசோபே, நம்ம சுருக்கல்ல ஏதாவது குறை உண்டா? இருந்தா இப்பவே சொல்லிடு."

"கூட்டமான காட்சியில கொஞ்சம் அடி வாங்குது சார். கீழ இருக்கறவங்க மூஞ்சி நிக்கல."

"கூட்டத்துல மூஞ்சிய எவன்யா உத்துப் பாக்கறான்? நீயே போன வருஷம் சொன்ன வார்த்தைதான அது."

எல்லோரும் சிரித்தார்கள். மகன் என்ற சொல் இசோபேயின் தொண்டை வரை வந்தது. கூட்ட அறையில் சொல்லக்கூடிய சொல் இல்லை அது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். உள்ளதே போதும் என்று முடிவாயிற்று.

நினைவு நாளன்று பிக்கு வந்து ஓதிவிட்டுப் போனார். சொந்தக்காரர்கள் சாப்பிட்டு முடித்துக் காலை நீட்டிய நேரத்தில், இசோபேயின் அக்கா தோமி கேட்டாள்.

"கோஹேய் தேரிழுத்தது இருக்கு, இருக்குன்னு சொல்வீங்களே. போடேன்டா தம்பி. புள்ளைய ஒரு தரம் பாத்துட்டுப் போறோம்."

ஃபுமியே சமையலறையில் இருந்தாள். அவர் டிஸ்கைப் போட்டார். திருப்பம் வந்ததும், "எதுடா நம்ம புள்ள, காட்டு," என்றாள் அக்கா. படத்தை நிறுத்தினார். அவருக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு தரம் பார்த்தவர், அதுவும் பாதி. நீலத் தீற்றல்கள் நாலைந்து இருந்தன. எல்லோரும் அவர் கையையே பார்த்தார்கள். பெற்ற தகப்பன் தெரியாது என்று எப்படிச் சொல்வது? முன்னால் இருந்த ஒரு தீற்றலின் மேல் விரலை வைத்தார்.

"இதோ, இவன்தான்."

"அப்பாடி, என்னமா ஓடறான் எம் புள்ள," என்று அக்கா கண்ணைத் துடைத்தாள். ரியோஜி இரண்டு கையையும் கூப்பித் திரையைப் பார்த்துத் தலை வணங்கினான். மற்றவர்களும் வணங்கினார்கள். தட்டோடு சமையலறை வாசலில் நின்ற ஃபுமியேயை இசோபே அப்போதுதான் பார்த்தார். அவள் தட்டைக் கீழே வைத்து, தானும் உட்கார்ந்து வணங்கினாள்.

எல்லோரையும் வழியனுப்பிய பிறகு, கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றார்.

"நான் காட்டினது அவன்தான?"

"இல்லங்க."

"அப்ப எதுன்னு நீ காட்டு. எனக்குத் தெரியணும். இனிமே நான் பாக்கறேன்."

ஃபுமியே கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நிறுத்தி வைத்திருந்த படத்தின் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். விரலை ஒரு தீற்றலுக்கு அருகில் கொண்டுபோனாள். அதை விட்டு இன்னொன்றுக்குக் கொண்டுபோனாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போன வாரம் வரைக்கும் கண்ண மூடினா பல்லு தெரியும்ங்க. இதத் தினம் போட்டுப் போட்டுப் பாத்தேன்ல. இப்ப கண்ண மூடினாலும் இதுதான் வருது."